ஆலைப் பதினொருவரும் தோட்டத்துத் திடலும்

2024 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. சித்திரை முதல் நாள். காலையில் கோயில், மதியம் அக்கா வீட்டுச் சாப்பாடு, இரவு பதினொன்றரைக்கு கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் வழக்கமாக உட்காரும் மாமாக் கடை. பெரிய திரையில் ஆர்சனலும் ஆஸ்டன் வில்லாவும் ஆடிக்கொண்டிருந்தன. கடையில் பாதிப் பேர் சிவப்புச் சட்டை. ஒரு மேசையில் மட்டும் நான்கு பையன்கள் தே தாரேக் கோப்பையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து வேறோர் ஆட்டம் பார்த்தார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

ஜெர்மனியில் அப்போது மாலை ஐந்தரை. பேயர் லெவர்கூசன், வெர்டர் பிரெமன் குழுவை வென்றால் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லீகாவின் பட்டம் உறுதி. போனிஃபேஸ் பெனால்டியில் தொடங்கி வைத்தார். ஜாக்கா தூரத்திலிருந்து அடித்தது இரண்டாவது. மிச்சம் மூன்றும் இருபது வயது ஃப்ளோரியன் விர்ட்ஸின் காலிலிருந்து வந்தன. ஐந்துக்குச் சுழியம். கடைசி கோல் விழுந்ததும் கூட்டம் திடலுக்குள் இறங்கிவிட்டது. இன்னும் ஐந்து ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போதே, பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து பட்டத்தை விடாமல் வைத்திருந்த பயர்ன் மியூனிக்கிடமிருந்து அதைப் பிடுங்கியாகிவிட்டது. 1904-ல் பிறந்த கழகத்துக்கு இதுதான் முதல் லீக் பட்டம்.

பையன்களில் ஒருவன் கேட்டான்: "அண்ணே, பேயர்னா மருந்துக் கம்பெனிதானே? கம்பெனி டீம் எப்படிண்ணே நூறு வருஷம் நிக்குது? நம்ம ஊர்ல எதுவும் நிக்கலையே."

அன்று இரவு அவனுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. 'காசு இருக்கு, தம்பி' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அது பதில் இல்லை. காசு இருந்த கம்பெனிகள் நம் நாட்டிலும் குழு வைத்திருந்தன. வங்கி வைத்திருந்தது, நில வாரியம் வைத்திருந்தது, நகராண்மைக் கழகம் வைத்திருந்தது, நம் இனத்துத் தொழிலதிபர் ஒருவரின் குழுமமும் வைத்திருந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தத் தம்பிக்கு நான் கடன்பட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

ஒரு கடிதத்தில் தொடங்கியது

லெவர்கூசன் என்பதே ஒரு சாயப்பட்டறைக்காரரின் பெயர். கார்ல் லெவர்குஸ் என்பவர் 1860-களின் தொடக்கத்தில் ரைன் ஆற்றங்கரையில், வீஸ்டோர்ஃப் என்ற சிற்றூரில் நீலச்சாயம் தயாரிக்கும் ஆலை கட்டினார். பேயர் கம்பெனி 1891-ல் அதை வாங்கியது. கார்ல் டூயிஸ்பெர்க் என்ற வேதியியலாளர் அங்கே ஒரு பெரிய ஆலைக்குத் திட்டம் போட்டார். 1912-ல் கம்பெனியின் தலைமையகமே அங்கு வந்தது. ஊருக்கு லெவர்கூசன் என்று பெயர் ஏற்பட்டது 1930-ல்தான். முதலில் ஆலை, பிறகு வீடு, கடைசியில் ஊர்.

வேலைக்கு ஆள் வேண்டும், வந்த ஆள் ஓடிப்போகாமல் இருக்க வேண்டும். பக்கத்தில் கொலோன் நகரம் இருக்கும்போது ஆலைப் புகைக்கு நடுவே யார் குடியிருப்பார்கள்? அதனால் கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது, கடை வைத்தது, நூலகம், இசைக்குழு என்று ஒவ்வொன்றாக ஏற்படுத்தியது. தொழிலாளியின் மாலைப் பொழுதும் கம்பெனியின் எல்லைக்குள்ளேயே கழிய வேண்டும் என்பதுதான் கணக்கு. தோட்டப்புறத்தில் பிறந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. லயம், தோட்டத்து ஆஸ்பத்திரி, தமிழ்ப்பள்ளி, கோயில், கள்ளுக்கடை, நடுவில் ஒரு திடல். நம் முன்னோரும் ஒரு கம்பெனி ஊரில்தான் வாழ்ந்தார்கள்.

வித்தியாசம் 1903 நவம்பர் 27-ல் தெரிகிறது. அன்று வில்ஹெல்ம் ஹவுஷில்ட் என்ற பேயர் ஊழியர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார்: எங்களுக்கு ஒரு விளையாட்டுச் சங்கம் வேண்டும், கம்பெனி உதவ வேண்டும். ஏறத்தாழ 170 சக தொழிலாளர்கள் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கம்பெனி சம்மதித்தது. 1904 ஜூலை 1-ல் சங்கம் உருவானது. முதலில் உடற்பயிற்சி, பந்து பின்னால்தான் வந்தது. 1928-ல் உடற்பயிற்சிக்காரர்களுக்கும் பந்துக்காரர்களுக்கும் ஒத்துவராமல் சங்கம் இரண்டானது. காற்பந்துக்காரர்கள் சிவப்பையும் கறுப்பையும் தங்களோடு எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றும் அந்தக் குழுவின் நிறம் அதுதான்.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்தக் கையெழுத்துகளை. பணம் கொடுத்தது கம்பெனி, கேட்டது தொழிலாளி. பிறந்த அன்றே அந்தச் சங்கத்துக்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். உறுப்பினர்கள் இருந்ததால்தான் 1928-ல் சண்டை போட்டுப் பிரியவும் முடிந்தது. சண்டை போட ஆள் இல்லாத சங்கம், மேலிருந்து ஒரு கடுதாசி வந்ததும் கலைந்துபோகும்.

பேயரைப் புண்ணியவான் ஆக்கி எழுதவும் மனம் வரவில்லை. 1925 முதல் இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அது ஐகே ஃபார்பன் என்ற பெருங்குழுமத்தின் பகுதி. அடிமை உழைப்பைப் பயன்படுத்தி, ஆஷ்விட்ஸ் அருகே ஆலை கட்டியது அந்தக் குழுமம். பேயர் தனிக் கம்பெனியாக மறுபடி எழுந்தது 1951-ல். காற்பந்துக் குழுவின் கதையைச் சொல்லும்போது இதை மறைத்துவிட்டுச் சொல்வது சரியில்லை.

இரண்டாம் இடத்து ஊர்

புண்டஸ்லீகா தொடங்கியது 1963-ல். லெவர்கூசன் அதில் நுழைந்தது 1979-ல்தான். அதற்குள் எல்லோரும் அவர்களை 'வெர்க்செல்ஃப்' என்று அழைக்கப் பழகிவிட்டார்கள். தமிழில் 'ஆலைப் பதினொருவர்' எனலாம். பெரிய ஊர்க்காரர்கள் இளக்காரமாகச் சொன்ன பெயர் அது: நீங்கள் கழகம் இல்லை, கம்பெனியின் விளம்பரப் பலகை. அந்தப் பெயரையே லெவர்கூசன்காரர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

1988-ல் முதல் பெரிய கிண்ணம். யூஎஃபா கிண்ண இறுதியின் முதல் ஆட்டத்தில், ஸ்பெயினில், எஸ்பான்யோல் மூன்று கோல் போட்டுவிட்டது. சொந்தத் திடலில் லெவர்கூசன் அந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்தது. மூன்றாவதைத் தலையால் முட்டிப் போட்டவர் தென் கொரியாவின் சா பம்-குன். ஆசியாவிலிருந்து போன ஒருவர் ஐரோப்பிய இறுதியில் தன் குழுவின் உயிரைப் பிடித்து நிறுத்தினார் என்பதில் எனக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி. பெனால்டியில் ஜெயித்தார்கள்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, 1988 மே 25-ல், ஸ்டட்கார்ட் நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதி. அங்கே பென்ஃபிகாவைப் பெனால்டியில் வென்றது ஐன்ட்ஹோவன் நகரின் பிஎஸ்வி. அதுவும் கம்பெனிக் குழுதான். 1913-ல் ஃபிலிப்ஸ் பல்பு ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய விளையாட்டுச் சங்கம் அது. அந்த மே மாதத்தில் ஐரோப்பாவின் மூன்று பெரிய கிண்ணங்களில் இரண்டு இரண்டு ஆலை ஊர்களுக்குப் போயின.

பிறகு லெவர்கூசனுக்கு வந்தது ஒரு நீண்ட சோதனைக் காலம். 2000-ல் கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி போதும், பட்டம் கையில். எதிரே உன்டர்ஹாக்கிங் என்ற சின்னக் குழு. மைக்கேல் பாலாக் சொந்த வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்டார். இரண்டுக்குச் சுழியம் தோல்வி. 2002-ல் மூன்று ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போது ஐந்து புள்ளி முன்னிலை; ஒரு புள்ளியில் பட்டம் டோர்ட்முண்டுக்குப் போனது. சில நாள்களிலேயே ஜெர்மன் கிண்ண இறுதியில் ஷால்கேயிடம் தோல்வி. அடுத்து கிளாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. ஜிடேனின் அந்த இடதுகால் கோலைப் பார்க்காதவர் யார்? அந்தப் பந்து போய் விழுந்தது லெவர்கூசன் வலையில். மூன்று போட்டி, மூன்றிலும் இரண்டாம் இடம். 'விசேகூசன்' என்று ஊரே கிண்டல் செய்தது. துணைத்தலைவருக்கு 'துணை' இருப்பதுபோல அவர்களுக்கு 'விசே'.

எந்தக் கம்பெனி இயக்குநர் குழுவாக இருந்தாலும் அந்த இடத்தில் கணக்குப் பார்த்திருக்கும். இத்தனை ஆண்டு செலவழித்து என்ன கண்டோம்? நம் நாட்டில் இதைவிடச் சின்னக் காரணங்களுக்காகக் குழுக்களை மூடியிருக்கிறார்கள். லெவர்கூசன் மூடவில்லை. அதைப் புரிந்துகொள்ள ஜெர்மன் காற்பந்தின் ஒரு விதியையும் பார்க்க வேண்டும்.

பாதிக்கு மேல் ஒரு வாக்கு

ஜெர்மன் காற்பந்தில் 1998 முதல் 'ஐம்பது கூட்டல் ஒன்று' என்றொரு விதி இருக்கிறது. தொழில்முறைக் குழுவைத் தனிக் கம்பெனியாகப் பதிந்துகொள்ளலாம், முதலீட்டாளர் வரலாம். ஆனால் வாக்குகளில் பாதிக்கு மேல், குறைந்தது ஒரு வாக்காவது கூடுதலாக, உறுப்பினர் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். சந்தா கட்டும் சாதாரண ரசிகன் கை தூக்கினால்தான் முக்கிய முடிவுகள் செல்லும். கோடீசுவரர் ஒருவர் வந்து கழகத்தை வாங்கி, பெயரை மாற்றி, நிறத்தை மாற்றி, சலித்ததும் விற்றுவிட்டுப் போக முடியாது.

லெவர்கூசன் இந்த விதிக்கு விலக்குப் பெற்ற குழு. தொடர்ந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஒரு கழகத்தைக் கணிசமாகத் தாங்கிவந்த நிறுவனம் பெரும்பான்மையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பேயரும், வோல்ஃப்ஸ்பர்க் குழுவை வைத்திருக்கும் வோக்ஸ்வாகனும் இப்படித் தேறின. 1999-ல் லெவர்கூசனின் காற்பந்துப் பிரிவு முழுக்க பேயருக்குச் சொந்தமான தனிக் கம்பெனியானது. மற்ற விளையாட்டுகளை நடத்தும் பழைய உறுப்பினர் சங்கம் அதே ஊரில் இன்றும் இருக்கிறது.

இந்த விலக்கின் தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் இருபது வருடம் நில், பிறகு உரிமை பேசு. கம்பெனியின் பணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. பொறுமையை முன்பணமாகக் கேட்கிறார்கள். கம்பெனிப் பெயரைக் குழுவுக்கு வைக்கக்கூடாது என்பதும் அங்கே பொதுவிதி. பேயர் என்ற பெயர் பழைய உரிமையில் நிற்கிறது. 2009-ல் ரெட் புல் நிறுவனம் லைப்சிக் பக்கத்தில் ஒரு சின்னக் கழகத்தின் இடத்தை வாங்கி நுழைந்தபோது தன் பெயரை வைக்க முடியவில்லை. 'புல்வெளிப் பந்து விளையாட்டு' என்று பொருள்படும் ஒரு சொல்லைத் தேடிப்பிடித்து 'ஆர்பி' என்ற அதே இரண்டு எழுத்தைக் கொண்டுவந்தார்கள். வாக்குரிமை உள்ள உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விதியின் எழுத்து பிழைத்தது, உயிர் அடிபட்டது. ஜெர்மன் ரசிகர்கள் அதற்காக இன்றும் கோபப்படுகிறார்கள், அந்தக் கோபம் நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இங்கே வந்து போனவை

நம் நாட்டுக் காற்பந்து கம்பெனியால் பிறந்ததில்லை. 1921-ல் மலாயா கிண்ணம் தொடங்கியபோதே மாநிலம் எதிர் மாநிலம் என்பதுதான் அடிப்படை. சிலாங்கூர், பினாங்கு, பேராக் என்று மாநிலச் சங்கங்கள் குழு இறக்கும். ஆட்டக்காரர்கள் பகலில் வங்கியிலோ, மின்சார வாரியத்திலோ, வேறு அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருவார்கள். 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் காத்த காலம் அது. அவர் 1988-ல் சாலை விபத்தில் இறந்தபோது எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சொந்தத்தில் யாரோ இறந்ததுபோல்தான் இருந்தது.

1989-ல் லீக் பகுதி-தொழில்முறை ஆனது, 1994-ல் முழுத் தொழில்முறை. அதே 1989 முதல் 2004 வரை டன்ஹில் சிகரெட் நிறுவனத்தின் பணம்தான் லீக்கையும் கிண்ணத்தையும் தாங்கியது. எங்கள் தலைமுறைக்கு மலேசியக் கிண்ணம் என்றாலே டன்ஹில் கிண்ணம். புகையிலை விளம்பரத்துக்குத் தடை வந்ததும் அந்தப் பணம் நின்றது. ஒற்றைத் தூணில் கூரை போட்டால் என்ன ஆகும் என்பதை நம் காற்பந்து அப்போதே பார்த்துவிட்டது.

மாநிலக் குழுக்களுக்கு நடுவே கழகங்கள் நுழையத் தொடங்கிய காலமும் அதுதான். பெட்டாலிங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் எம்பிபிஜே 2003-ல் சபாவை மூன்றுக்குச் சுழியம் வென்று மலேசியக் கிண்ணத்தை எடுத்தது. மாநிலமல்லாத ஒரு கழகம் அந்தக் கிண்ணத்தைத் தொட்டது அதுவே முதல் தடவை. சில ஆண்டுகளுக்குள் அந்தக் குழுவே லீக்கில் இல்லை. பப்ளிக் பேங்க் ஒரு குழுவை நம் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக் வரை கொண்டுவந்தது. அதுவும் 2000-களின் நடுவிலேயே போய்விட்டது. ஃபெல்டா நில வாரியத்தின் ஃபெல்டா யுனைடெட் கொஞ்சம் நீடித்தது. 2007-ல் பிறந்து, பகாங்கின் ஜெங்காவில் குடியேற்றத் திட்டங்களுக்கு நடுவே திடல் வைத்து, 2016-ல் சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம் வரை வந்தது. 2020 பருவத்தோடு அதையும் முடித்துக்கொண்டார்கள். ஃபெல்டாவுக்கு லெவர்கூசன்போலவே ஒரு கம்பெனி ஊர் இருந்தது, தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன, பிள்ளைகள் திடலுக்கு வந்தார்கள். அங்கே அது வேர்பிடித்திருக்க வேண்டும். அதை நினைத்தால் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக வருத்தம்.

அப்புறம் நம்முடையது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு, மிஃபா என்று நாம் சொல்வது, மூன்றாம் நிலையான எஃப்ஏஎம் லீக்கில் ஆடி 2017-ல் இரண்டாம் நிலையான மலேசிய பிரிமியர் லீக்குக்கு ஏறியது. நம் பிள்ளைகள் பலருக்கு மாநிலக் குழுக்களில் வாய்ப்புச் சுருங்கியிருந்த காலம். 2010-ல் கே. ராஜகோபால் பயிற்றுவித்த தேசியக் குழு தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றபோது துள்ளிய நமக்கு, நம் பெயர் போட்ட ஒரு குழு லீக்கில் ஆடுவது பெரிய விஷயமாக இருந்தது. 2019-ல் சூப்பர் லீக்குக்கு வந்தபோது பெயர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று மாறியது. பின்னால் நின்றது விஜய் ஈஸ்வரனின் கியூஐ குழுமம். கிளானா ஜெயாவில் உள்ள திடல். கடைசிக் காலத்தில் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர்கூட இல்லாமல், பி. மணியம் பயிற்றுநராக இருக்க, உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்தே சூப்பர் லீக்கில் தாக்குப்பிடித்தார்கள். எல்லாக் குழுக்களும் வெளிநாட்டு முன்னணி ஆட்டக்காரருக்குக் கொட்டிக் கொடுத்த நேரத்தில் இது துணிச்சலான முடிவு.

2022 பருவம் முடிந்ததும், அடுத்த ஆண்டு லீக்கில் ஆடப்போவதில்லை என்று அறிவிப்பு வந்தது.

அந்தக் குழுவுக்கு யாரும் துரோகம் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. தன் பணத்தைப் போட்டவர் அதை நிறுத்த உரிமை உள்ளவர். சம்பளம் கொடுக்காமல் இழுத்தடிப்பதைவிடச் சொல்லிவிட்டு நிறுத்துவது எவ்வளவோ மேல். நம் லீக்கில் மாதக்கணக்காகச் சம்பளம் காணாத ஆட்டக்காரர்களின் கதைகளைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். என் கேள்வி வேறு. அறிவிப்பு வந்த அன்று 'முடியாது' என்று சொல்லச் சட்டப்படி யாருக்காவது இடம் இருந்ததா? கிளானா ஜெயாவுக்கு வந்து சட்டை வாங்கிப் போட்டு, தப்பு அடித்த எங்களுக்கு ஒரு வாக்கு இருந்ததா? கூடி முடிவெடுக்க ஒரு பொதுக்கூட்டம் உண்டா? இல்லை. நாங்கள் ரசிகர்கள், உறுப்பினர்கள் அல்லர். இந்த ஒரு சொல்லில்தான் ஜெர்மன் கழகங்கள் பலவற்றுக்கும் நமக்கும் உள்ள தூரம் அடங்கியிருக்கிறது.

யோகோஹாமாவில் கேட்டவர்கள்

பணம் போனபின் என்ன செய்யலாம் என்பதற்கு ஜப்பானில் ஒரு கதை இருக்கிறது. ஜப்பானில் காற்பந்து பல காலம் கம்பெனி விளையாட்டு. மிட்சுபிஷி, நிசான், ஃபுருகாவா என்று எல்லாமே ஆலைக் குழுக்கள். 1993-ல் ஜே லீக் தொடங்கியபோது கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டு ஊர்ப் பெயரோடு வர வேண்டும் என்று விதித்தார்கள். மிட்சுபிஷி குழு உராவா ரெட்ஸ் ஆனது. நிசான் குழு யோகோஹாமா மரினோஸ். அதே ஊரில் ஆல் நிப்பான் விமான நிறுவனமும் சாட்டோ கோக்யோ கட்டுமான நிறுவனமும் சேர்ந்து தாங்கிய குழு யோகோஹாமா ஃப்ளூகல்ஸ். 'ஃப்ளூகல்' என்றால் ஜெர்மனில் சிறகு.

1998-ல் பொருளாதாரம் சரிந்தது. கட்டுமான நிறுவனம் விலகியது. விமான நிறுவனத்தால் தனியே தாங்க முடியவில்லை. அந்த அக்டோபரில், ஃப்ளூகல்ஸ் குழு மரினோஸோடு இணைக்கப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களுக்கும் ரசிகர்களுக்கும் அது இடிபோல இறங்கியது. அறிவிப்புக்குப் பிறகு அந்தக் குழு ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. பேரரசர் கிண்ணத்தில் ஒவ்வொரு சுற்றும் தோற்றால் அதுவே கடைசி ஆட்டம் என்ற நிலையில் ஆடி, 1999 ஜனவரி 1-ல் இறுதியில் ஷிமிசுவை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடியே கலைந்தார்கள். மரினோஸின் பெயரில் நடுவே ஒட்டிய 'எஃப்' என்ற எழுத்துதான் மிச்சம்.

ரசிகர்கள் அதோடு போகவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், பணம் திரட்டினார்கள், உறுப்பினர் முறையில் யோகோஹாமா எஃப்சி என்ற புதுக் கழகத்தை அந்த ஆண்டே தொடங்கினார்கள். அது கீழ்நிலையிலிருந்து ஏறி 2007-ல் முதல் நிலை லீக்கையே எட்டியது. ஹவுஷில்ட் வேலை செய்த ஆலையில் போட்ட கையெழுத்துகளும் இவர்கள் தெருவில் வாங்கிய கையெழுத்துகளும் எனக்கு ஒரே தாளில் இருப்பதாகவே படுகிறது. ஒன்று கம்பெனியிடம் கேட்டது. மற்றது கம்பெனி போனபின் தங்களையே கேட்டுக்கொண்டது.

பிஎஸ்வியின் பிற்காலமும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கது. ஃபிலிப்ஸ் 1982 முதல் 2016 வரை சட்டையில் தன் பெயரைப் போட்டது. அந்தக் கம்பெனியே சுருங்கி, ஐன்ட்ஹோவனின் பல்பு ஆலைகள் மூடப்பட்ட காலத்தையும் கழகம் தாண்டியது. 2011-ல் பணமுடை வந்தபோது நகராட்சி திடலின் நிலத்தை வாங்கிக் கைகொடுத்தது. கம்பெனி ஒரு தூண். ஊர் இன்னொரு தூண்.

நாம் ஏற்கெனவே செய்திருக்கிறோம்

'நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது' என்று மாமாக் கடையில் யாராவது சொல்வார்கள். சரிப்பட்டிருக்கிறது. 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கின. துண்டாடல் என்று இன்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். தோட்டம் போனால் வேலையும் லயத்து வீடும் சேர்ந்தே போகும். 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. எந்தத் துரை கூப்பிட்டால் ஓடி வந்து கைகட்டி நின்றார்களோ, அந்தத் துரை இருந்த தோட்டத்தின் பங்குதாரராக ஆனார்கள் பால்மரம் சீவியவர்கள்.

அந்தக் கூட்டுறவுக்கும் ஒரு காற்பந்துக் கழகத்தின் உறுப்பினர் முறைக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. பெரிய முதலாளி வரட்டும், ஸ்பான்சர் வரட்டும், பெயரும் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் கழகத்தின் பதிவுப் புத்தகத்தில் ஆயிரம் பேர் பெயராவது இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு பொதுக்கூட்டம் நடக்க வேண்டும். வயதுக்குழு அணிகளும் பயிற்சித் திடலும் அந்த ஆயிரம் பேர் கையில் நிற்க வேண்டும். அப்படி இருந்தால் முதலாளி போகும்போது மேல்நிலை லீக் போகலாம், வெளிநாட்டு ஆட்டக்காரர் போகலாம். கழகம் இரண்டு நிலை கீழே இறங்கி அமெச்சூர் லீக்கில் அதே சட்டையோடு ஆடும். லெவர்கூசன் 1979 வரை அப்படித்தான் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. அப்பா கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். 1960-களில் எடுத்த படம். கறுப்பு வெள்ளை, ஓரம் பழுத்துவிட்டது. பதினோரு பேர் இரண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஏழு பேருக்குப் பூட்ஸ், நான்கு பேர் வெறுங்கால். பின்னால் ரப்பர் மரங்கள், ஒரு பக்கம் மூங்கில் கோல் கம்பம். நடுவில் நாற்காலியில் துரை, பக்கத்தில் கிராணி. கீழே ஒரு பலகையில் வெள்ளைச் சாயத்தில் கம்பெனியின் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு. ஆடியவர்கள் பெயர் எங்கும் இல்லை. பொங்கல் பந்தயத்தில் பக்கத்துத் தோட்டத்தைத் தோற்கடித்து ஓர் ஆட்டுக்கிடாய் ஜெயித்ததாகவும், அன்று இரவே லயத்துக்கு நடுவில் சமைத்துச் சாப்பிட்டதாகவும் அப்பா சொல்வார். அந்தத் திடலில் இப்போது இரண்டு மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன.

புத்தாண்டு முடிந்த அடுத்த வாரம் அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி அப்பா முன்னால் வைத்தேன். சுட்டுவிரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கோல் காத்தவர், வலது ஓரம் ஓடியவர், பட்டறையில் வேலை செய்தவர், பிறகு பினாங்குக்குப் போய்விட்டவர். நான் பென்சிலால் பின்பக்கம் பெயர்களை எழுதினேன். பத்துப் பெயர் தேறிவிட்டது. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது, வெறுங்காலோடு பந்தை இடுப்பில் அணைத்து நிற்பவர் யாரென்று அப்பாவுக்கு நினைவு வரவில்லை. அந்தத் தோட்டத்துக்காரர் ஒருவர் இப்போது ரவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு போகிறோம்.